நம்பிக்குச் சம்மதம்

அமுக்குவான் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான் என்றுதான் நம்பிராசன் முதலில் நினைத்தான். கை அசையவில்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பகலில் தூங்குகிறவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. புத்தி மட்டும் முன்னாலேயே எழுந்து வாசல் வரை போய்விடும், உடம்பு பாயிலேயே கிடக்கும், கூப்பிட்டால் வராது. அப்போது அலறக் கூடாது, அலறினாலும் சத்தம் வராது, கம்மென்று கிடந்தால் பேய் தானாக இறங்கிப் போய்விடும். அதனால் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். இமைக்கு வெளியே ஒரே சிவப்பாக இருந்தது. வீட்டில் சிவப்பு தெரியாதே, ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்குமே என்று யோசித்து, அந்தப் போர்வையைத்தான் பெண்சாதி பிரமு கழற்றித் துவைத்துவிட்டாளே என்று ஞாபகம் வந்து, அதற்குள் பால் பாக்கெட் போடுகிற மெஷினின் இரைச்சல் கேட்கிற மாதிரி இருந்து, இல்லை, அது மெஷின் இல்லை, மெஷின் இப்படி நடுவில் மூச்சு வாங்காது, இது போய்ப் போய் வருகிறது, இது கடல். கடலா, ஆமாம், கடல்தான். காலையில் பால்பண்ணை வாசலில் வேன் நின்றதும், "ஏ வெள்ளக்கரடி, ஏறு, இன்னிக்கு ஒனக்கு வீடு கிடையாது" என்று கூட வேலை பார்க்கிற குற்றாலம் கதவைத் திறந்ததும், கிட்னங்குளத்துக் கடையில் ரசவடை வாங்கிக் கொடுத்ததும், உவரி தாண்டி ஒரு கரையில் இறங்கியதும், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலைக் கண்டதும் தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துச் சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வந்தன. அப்படியானால் நெஞ்சின் மேல் இருப்பது பேய் இல்லை. விரலை அசைத்துப் பார்த்தான். விரல் நடுவில் பொடி பொடியாக, ஈரமாக, கனமாக ஒன்று நகர்ந்தது. மணல். கழுத்து வரைக்கும் போட்டுப் புதைத்திருக்கிறார்கள், படுபாவிகள்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது, அதைச் சொல்ல வேண்டும். கோபம் அப்புறம்தான். கூட்டாளிகள் கடலுக்குக் கூட்டி வந்து தூங்குகிறவனை மணலில் புதைப்பது ஊர் உலகத்தில் நடக்காததா என்ன. இவர்கள்தான் காலையிலிருந்து எவ்வளவு கவனித்தார்கள். முன் சீட்டு அவனுக்கு. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்று எட்வின் தன் துண்டைக் கட்டி மறைத்தான். செல்லப்பா அண்ணாச்சி, ஒரு வாய் டீயைக்கூடத் தன் காசில் வாங்கித் தராத மனிதர், "நம்பிக்கு இன்னொரு வடை வைவே" என்றார். மாப்பிள்ளையை மறுவீட்டுக்குக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது. அப்போதே சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற காலுக்கு எதுவும் சுருக்கென்று தைக்காது; சிப்ட்டு முடிந்து வருகிற மண்டை, குளிர் அறையிலிருந்து எடுத்த பால் மாதிரி, கொஞ்ச நேரம் எதையும் கலக்காமல் அப்படியே கிடக்கும். நெற்றியில் ஏதோ வட்டமாக, சில்லென்று உட்கார்ந்திருந்தது. என்னது அது. மூக்கில் ஊதுபத்தி வாசம். கழுத்தில் வழவழவென்று ஒரு ஈரம், கடற்பாசியின் நாற்றம். இரண்டையும் மூன்றையும் கூட்டிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நெற்றியில் இருப்பது காசு. கழுத்தில் இருப்பது மாலை. பத்தி ஏற்றியிருக்கிறார்கள். பிணமாக அல்லவா வைத்திருக்கிறார்கள் என்னை. சிரிப்பு இருந்த இடத்தில் ஏதோ புரண்டது. கண்ணைத் திறந்து நாலு வசவு வைது விடலாம். ஆனால் திறக்கவில்லை. பயம், அது ஒரு அறியாப் பயம்: திறந்து பார்த்தால் நிஜமாகவே தான் செத்து, தன்னைச் சுற்றி அழுகிறவர்கள் இருந்துவிட்டால். பிரமு எங்கே. பிரமு கடையில் நிற்பாள், சேலை மடித்துக்கொண்டு. சனிக்கிழமை கூட்டம். சாவு சொல்லப் போனால்கூட அவளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் விடுவார்கள்.

"காச எடுவே, வெளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா, சகுனம் சரியில்ல" என்றது செல்லப்பா அண்ணாச்சியின் குரல், தலைமாட்டில். "செத்தவனுக்கு என்ன அண்ணாச்சி சகுனம்" என்றான் குற்றாலம். அவன் குரல் கொஞ்சம் குழறியது, வேனிலேயே குடிக்க ஆரம்பித்திருந்தான். எட்வின் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். பாக்கெட் மெஷினில் பகல் வேலை பார்க்கிற மூன்று பேரும் அங்கேதான் நிற்கிறார்கள். சரி, இப்போது திறக்கலாம், "பே"யென்று கத்தி இவர்களை அலற வைக்கலாம் என்று நம்பிராசன் வாயைக்கூடக் கூட்டினான். அதற்குள் குற்றாலம் மாரில் அடித்துக்கொண்டு பொம்பிளைக் குரலில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டான். அவன் நன்றாகப் பாடுவான், பண்ணையில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவன்தான்.

"பால்பண்ணை ராசாவே, பகலெல்லாம் தூங்கினியே,
ஆளுக்கொரு பகல் குடுத்து, அத்தனை இருட்டும் வாங்கினியே,
திங்கக்கிழமை விடியுமுன்ன தெரியாமப் போனியே,
சம்மதம்னு நாங்க சொன்னோம், சாட்சிக்கு நீ இல்லியே."

எட்வின் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, "மெல்லப் பாடுங்கண்ணே, முழிச்சுட்டாவன்னா?" என்றான். "இவனா? இவன் தலையில இடி விழுந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்திச்சுத்தான் விழுந்துச்சான்னு கேப்பான்" என்றான் குற்றாலம். செல்லப்பா அண்ணாச்சி செருமிக்கொண்டு, தணிந்த குரலில், நியாயஸ்தர் குரலில் சொன்னார்: "சூப்பர்வைசர்ட்ட நேத்தே சொல்லியாச்சு, நம்பிக்குச் சம்மதம், ராத்திரியே இருந்துக்கிடுதான்னு. அவரும் சரின்னுட்டாரு. இனி இவன்ட்டச் சொல்லுததுதான. போற வழியில நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். நாம சொன்னா மாட்டேங்க மாட்டான். அவனுக்குப் பழகிடுச்சு."

பழகிடுச்சு. மணலுக்குள் அவன் விரல்கள் மடங்க முயன்று மடங்காமல் நின்றன. பழகிடுச்சு என்றால் என்ன அர்த்தம். கருவாட்டுக்கு உப்பு பழகிடுச்சு என்று எவனாவது சொல்வானா. மகன் தவழ்ந்துகொண்டிருந்த வருஷத்தில் போட்டது ராத்திரி சிப்ட்டு, ஒரு மூன்று மாசம் பார், அப்புறம் மாற்றிவிடுகிறோம் என்றார்கள், அந்த மகன் வளர்ந்து படித்துத் திருப்பூரில் வேலைக்கும் போய்விட்டான், இன்னும் அந்த மூன்று மாசம் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்து நின்றது. அண்ணாச்சிக்குச் சுகர், வேளாவேளைக்கு ஊசி போட வேண்டும். குற்றாலத்துக்குச் சாயங்காலம் பஞ்சர்க் கடை, அதை வெளியில் சொல்லாமல் பெண்சாதி ராத்திரி தனியாக இருக்கப் பயப்படுகிறாள் என்பான். எட்வினுக்குக் கல்யாணம் ஆச்சு, அப்புறம் பிள்ளை ஆச்சு. எல்லாம் மெய்யான காரணம்தான், பஞ்சர்க் கடைகூட மெய்தான், பொய் ஒன்றும் இல்லை. அதனால் அவனே ஒவ்வொரு தடவையும், யாரும் வாய் திறக்கும் முன்பே, "நான் வாரேன் சார்" என்றான். நான் வாரேன் சார். கேட்கிறவர்களுக்கு அது எவ்வளவு சுகமான வார்த்தை. அதைச் சொன்னதும் எல்லார் முகமும் விரியும், யாராவது தோளில் தட்டுவார்கள், ஒரு வாரம் வரைக்கும் அந்தத் தட்டல் உடம்பில் இருக்கும். எனக்கும்தான் பெண்சாதி இருந்தாள், எனக்கும்தான் பிள்ளை இருந்தது, என் காரணம் மட்டும் எப்படிக் காரணம் இல்லாமல் போனது. சொல்லாததால். சொல்லவில்லை என்றால் இல்லையா. பல் வலி என்று சொல்லாதவனுக்குப் பல்லே இல்லை என்று அர்த்தமா.

நெற்றிக்காசு வெயிலில் சூடாகத் தொடங்கியிருந்தது. நிழல் நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. யாருக்கும் அவனை நகர்த்தத் தோன்றவில்லை, பிணம்தானே. பிள்ளை முதல் அடி வைத்தது காலை பதினொரு மணிக்கு. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் எழுந்து பல் விளக்கும்போது பிரமு சொன்னாள். எழுப்பியிருக்கலாமே என்றதற்கு, "தூங்கட்டும்னு விட்டேன்" என்றாள். எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள், அன்பாகச் சொன்னார்கள், அதுதான் கோபம் வருவதற்கே இடம் வைக்காமல் செய்தது. அய்யா வீட்டுப் பங்கு பிரித்தபோது தம்பி சொன்னான். கோயில் கொடைக்கு எல்லாரும் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவில் அவன் இல்லை, சித்தப்பா சொன்னார். பாவம், ராத்திரி முழிச்சவன், தூங்கட்டும். வீடே அவனுக்காக வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. பிரமு குக்கர் வைக்க மாட்டாள், விசில் வரும் என்று பானையில்தான் வடிப்பாள். மகன் பந்தைத் தரையில் தட்டாமல் கைக்குக் கை மாற்றியே விளையாடப் பழகினான். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவன் கதவிடுக்கில் பார்த்தான்: பிள்ளை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது, விழுந்து விழுந்து, வயிறு குலுங்க, ஒரு சத்தமும் இல்லாமல், இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு. இன்றைக்கும் அவன் அப்படித்தான் சிரிக்கிறான். போனில் பேசும்போது சிரித்தானா லைன் கட்டாகிவிட்டதா என்று தெரியாது. அது யாருக்குப் பழகிடுச்சு, அண்ணாச்சி? சொல்லும். சிரிப்பைப் பொத்திக்கொள்ள ஒரு பிள்ளைக்குப் பழகிடுச்சு. இதையும் சூப்பர்வைசர்ட்டச் சொன்னீரா?

வெள்ளக்கரடி என்று பேர் வந்ததுகூட அவன் வாயால்தான். பால் ஆறுகிற இடைவேளையில் படிக்க என்று பழைய புத்தகக் கடையில் அள்ளி வருவான், அட்டை இல்லாதது, முதல் பக்கம் இல்லாதது, எதுவானாலும். வடக்கே உச்சியில் மாசக்கணக்கில் விடியவே விடியாத ஊர்கள் உண்டு என்று ஒன்றில் இருந்தது. அதை ஆச்சரியமாக வந்து இவர்களிடம் சொன்னான். "அப்ப ஒனக்கு அதாம்வே சரியான ஊரு, பனியும் இருட்டும், வெள்ளக்கரடிக்கு வேற என்ன வேணும்" என்றான் குற்றாலம், பேர் ஒட்டிக்கொண்டது. நம்பிக்கு ராத்திரிதான் படிக்க வசதி என்று அதற்கப்புறம் ஒரு புதுக் காரணமும் சேர்ந்தது. ஆனால் அவன் அந்தப் பக்கத்தில் படித்து, இவர்களிடம் சொல்லாமல் விட்டது வேறொன்று. அந்த ஊரிலும் ஒரு நாள் சூரியன் வருமாம், விளிம்பில் கொஞ்சம் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுமாம், அதைப் பார்க்கச் சனமெல்லாம் மேட்டில் ஏறி நிற்குமாம். அவனுக்கும் வந்தது. போன வாரம் புது மேனேஜர் சொல்லிவிட்டார், இனிமேல் எல்லாருக்கும் சுழற்சி, நம்பிராசன் திங்கட்கிழமையிலிருந்து பகல், ராத்திரிக்கு மற்ற மூவரில் யார் முதலில் என்று சூப்பர்வைசர் முடிவு பண்ணட்டும். வீட்டுக்குப் போய் பிரமுவிடம் அரைத் தூக்கத்தில்தான் சொன்னான். அவள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வந்தால் ஜன்னலில் போர்வை இல்லை. மாடியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அழுக்குப் போய் அது கறுப்பே இல்லை, ஒரு மாதிரி நீலம் என்று தெரிந்தது. "கடையில சொல்லிட்டேன், வாரத்துல ரெண்டு நாளு எட்டு மணிக்கே விட்டுருவாவளாம்" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "எதுக்கு" என்றான் மண்டைக் குளிர் இன்னும் விடாத அவன். "ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடலாம்லா" என்றாள். அவள் காலையில் எட்டே முக்காலுக்குப் போய் ராத்திரி ஒன்பதரைக்கு வருவாள், அவன் எட்டு மணிக்கே போய்விடுவான். ஒரு வீட்டை இரண்டு வாடகைக்காரர்கள் முறை வைத்துக் குடியிருக்கிற மாதிரி, அவள் கடைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து. அவள் தலை நரைத்தது எப்போது என்றே அவனுக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளை வாங்க அவள் கடை முதலாளி முன்னால் எப்படி நின்றாளோ, என்ன சொன்னாளோ. எங்க வீட்டுக்காரரு இனிமே ராத்திரி வீட்ல இருப்பாரு என்றா. அந்த வார்த்தையைத்தான் இவர்கள் நேற்றுச் சாயங்காலம் பொய்யாக்கிவிட்டு, இன்றைக்கு வடை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சு மணலை முட்டியது. மணல் கொஞ்சம் வெடித்து, மறுபடியும் மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தான். மூன்று முகமும் வானத்தை மறைத்துக்கொண்டு தலைகீழாகத் தெரிந்தன. "அய்யோ பொணம் முழிச்சிட்டு" என்று குற்றாலம் கை தட்டினான். நம்பிராசன் தலையை ஆட்டினான், காசு காதோரம் சரிந்து விழுந்தது. "எட்வினு, போன எடுத்து சூப்பர்வைசருக்குப் போடு" என்றான். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. நெஞ்சில் பாரம் இருந்தால் குரல் கட்டையாகத்தான் வரும். எட்வின் மற்ற இருவரையும் பார்த்தான். "என்னத்துக்குண்ணே, லீவு நாளு" என்றான். "போடுடே." செல்லப்பா அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. மண்டி போட்டு உட்கார்ந்தார், அவன் கன்னத்து மணலைத் துண்டால் துடைத்தார். "நம்பி, ஏ நம்பி, கோவப்படாத. மொதல்ல தோண்டி எடுப்போம், சீலா மீன் பொரிச்சு வச்சிருக்கு, சாப்பிட்டுட்டுப் பேசுவோம். நான் ஒன்ட்டச் சொல்லாம விட்டுருவேனா." "சொல்லுததுக்கும் கேக்குததுக்கும் வித்தியாசம் இருக்கு அண்ணாச்சி." "இதுல என்னப்பா இருக்கு, ஒனக்குப் பழகுன சோலிதான—" "அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லாதேயும்." அண்ணாச்சி துண்டை எடுத்துக்கொண்டார். அவரை அவன் இப்படிப் பேசியதே இல்லை. கையைக் கட்டிப் போட்ட மாதிரி கிடந்து பேசுவதால்தான் பேச வருகிறதோ. கை வெளியில் இருந்திருந்தால் இந்நேரம் தலையைச் சொறிந்துகொண்டு சரி பாப்போம் என்றிருப்பேனோ. தோண்டிவிடாதீர்கள், கடவுளே, இப்போது மட்டும் தோண்டிவிடாதீர்கள்.

எட்வின் போட்டுவிட்டான். குனிந்து போனை அவன் காதில் வைத்தான். கடல் காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைத் தட்டினான். "யாரு, எட்வினா?" என்றது சூப்பர்வைசரின் குரல். "சார், நான் நம்பிராசன்." "ஆங், நம்பி, சொல்லுப்பா. நேத்து உங்க ஆளுக வந்து சொன்னாங்க. ரொம்ப சந்தோசம்ப்பா, எனக்கும் ஒரு தலைவலி போச்சு." "அது நான் சொன்னது இல்ல சார். எனக்குச் சம்மதம் இல்ல. திங்கக்கிழமை நான் காலையிலதான் வருவேன்." ஒரு காகம் மீன் பொட்டலத்தின் பக்கம் தத்தி வந்தது, அதை யாரும் விரட்டவில்லை. "என்னப்பா கடைசி நேரத்துல. சரி, உன் உரிமை, நான் இல்லங்கல. அப்ப ராத்திரிக்கு யாரு? நீயே ஒரு பேரு சொல்லு, உன் கூட்டாளிகதான, யாருக்குச் சௌகரியப்படும்னு உனக்குத்தான் தெரியும்."

பேர். ஒரு பேர் சொல்லச் சொல்கிறார். எவ்வளவு சாமர்த்தியம். இத்தனை காலம் இந்தக் கேள்விக்கு அவன் பேர்தான் பதில், அதனால் கேட்கிறவருக்கு இது கேள்வியே இல்லை. மேலே பார்த்தான். எட்வினின் சட்டைப் பையில் பிள்ளைக்கு வாங்கிய சங்கு துருத்திக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்கு ஏறியிருந்தது எல்லாம் இறங்கி, முகம் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. அண்ணாச்சி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைச் சொல்ல. பாட்டுப் பாடினவனைச் சொல்லலாம், நியாயம் பேசினவரைச் சொல்லலாம், சின்னவன்தானே என்று சின்னவனைச் சொல்லலாம், சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு இருட்டை வாங்கிக் கொடுத்தது நான் என்றாகிவிடும், நான் சூப்பர்வைசர் ஆகிவிடுவேன். சொல்லாமல் விட்டால் இன்னும் மூன்று மூச்சில் வழக்கமான வார்த்தை வந்துவிடும். அது நாக்கடியில் உட்கார்ந்திருந்தது, கூப்பிடாமலே வருகிற வேலைக்காரன் மாதிரி, செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக.

"மூணு பேரும் இங்கனதான் நிக்காவ சார், ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ" என்றான் நம்பிராசன். "அவங்கள்ட்டயே கேளுங்க."

எட்வின் கை சுட்டதுபோல் போனைக் குற்றாலத்திடம் நீட்டினான். குற்றாலம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "அண்ணாச்சி பேசுங்க" என்றான். "நீ பேசுடே, நீதான பேச்சாளி" என்றார் அண்ணாச்சி. போன் நம்பிராசன் முகத்துக்கு மேலே இப்படியும் அப்படியும் போனது. கடைசியில் எட்வின் அதை அவன் தலைப்பக்கம் மணலில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். மற்றவர்களும் நகர்ந்தார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் விளக்கு வைத்த மாதிரி போன் மட்டும் வெளிச்சமாகக் கிடந்தது.

"ஹலோ" என்றது போன். "ஹலோ... யாருப்பா லைன்ல... நம்பி, இருக்கியா?"

இருக்கிறான். கழுத்து வரைக்கும் இருக்கிறான். வாய் வெளியில்தான் இருக்கிறது. மூன்று பேரும் இப்போது அவனைத்தான் பார்க்கிறார்கள், போனைப் பார்க்கவில்லை. அவன் உதடு எப்போது அசையும் என்று பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும், அசையும், அசையாமல் இருந்ததில்லை. மழைக்காலத்தில் கடைசிப் பஸ் போகிற நேரத்தில் ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்ப்பாரே, இன்னொரு ஆள் வருவான் என்று, அந்தப் பார்வை. அவன் பல்லைக் கடித்தான். மணல் நறநறத்தது. அலை ஒன்று வந்து, எங்கேயோ கால் மாட்டில் சொரசொரத்து, திரும்பிப் போனது. "ஹலோ, ஏம்ப்பா, பதில் சொல்லுங்கப்பா" என்றது போன், இப்போது எரிச்சலோடு. இந்த எரிச்சல் குரலுக்கு அவன் எப்போதும் ஓடியிருக்கிறான். ஓடுகிற காலெல்லாம் மணலுக்குள் இருந்தது. பிரமு இந்நேரம் சேலை மடித்துக்கொண்டிருப்பாள். அவன் கண்ணைத் திறந்தபடியே வைத்திருந்தான், வெயில் நேராகக் குத்தியது, நீர் வழிந்தது, வழியட்டும்.

செல்லப்பா அண்ணாச்சிதான் குனிந்தார். முட்டி சொடுக்கியது கேட்டது. போனை எடுத்து, ஒட்டியிருந்த மணலை வேட்டியில் தட்டி, ஏதோ வெற்றிலை போட்டதைத் துப்பப் போகிறவர் மாதிரி வாயை மூடி மூடித் திறந்து, "சார், செல்லப்பா பேசுதேன்" என்றார். மற்ற இருவரையும் ஒரு தடவை பார்த்தார். "மொத மாசம் நானே வாரேன் சார். ஊசிய மட்டும் அங்க குளிர் ரூம்ல வச்சுக்கிட விடணும்."

வேண்டாம் அண்ணாச்சி, ஒமக்கு முடியாது, நானே வாரேன்: அது வந்தேவிட்டது, தொண்டையைத் தாண்டி, அண்ணாக்கைத் தொட்டு, முன்பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எட்வின் மண்டி போட்டு அவன் தோள் பக்கம் மணலைக் கைகளால் வாரத் தொடங்கினான், குற்றாலமும் கால் பக்கம் உட்கார்ந்தான். நம்பிராசன் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பார்ப்பது கஷ்டமாக இருந்தது, ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.